ரோல் முடிய இன்னும் இரண்டு

தமிழ்நாட்டு வீடுகளில் பரண்மேல் கிடக்கும் ஃபிலிம் காலத்து ஆல்பங்களில் கல்யாணம் இருக்கிறது, காதுகுத்து இருக்கிறது, மஞ்சள் நீராட்டு இருக்கிறது. பட்டமளிப்பு அங்கியோடு அண்ணன் விறைப்பாக நிற்கிறார். இறந்துபோன தாத்தாவை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த படம்கூடச் சில வீடுகளில் உண்டு. தெருதான் இல்லை. குழாயடி இல்லை, ரேஷன் கடை வரிசை இல்லை, அம்மா வாழ்நாளில் பாதியைக் கழித்த அடுப்படி இல்லை, வாசலில் நின்றால் தெரியும் மலையோ வயலோ ஏரிக்கரையோ இல்லை. அன்றாடத்தைப் படமெடுக்கும் ரசனை நம் மக்களுக்கு அப்போது வரவில்லை என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். படம் என்றால் விசேஷம், விசேஷம் என்றால் பட்டுப்புடவை என்றே பழகிவிட்டோமாம். எனக்கு இது ஒப்பவில்லை. ஃபிலிம் காலத்தில் எது படமாகும் என்பதைத் தீர்மானித்ததில் ரசனைக்கு இருந்த பங்கைவிட, ஒரு ஃப்ரேம் வீணானால் அந்தச் செலவை யார் தாங்குவது என்ற கேள்விக்கு இருந்த பங்கு பெரிது. தாங்க ஆள் இருந்த இடங்களில் தெருவும் நிலமும் ஏராளமாகப் பதிவாகியிருக்கின்றன. ஆள் இல்லாத இடங்களில் விசேஷம் மட்டும் தங்கியது.

கேமரா ஒருமுறைச் செலவு, ஃபிலிம் தீராச் செலவு. இதை முதலில் முழுதாகப் புரிந்துகொண்ட வியாபாரி ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கோடக் கேமராவின் விலை 25 டாலர். நூறு படங்களுக்கான சுருளை உள்ளே மாட்டியே கொடுத்தார்கள். நூறும் முடிந்ததும் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். பத்து டாலருக்குக் கழுவி, பிரிண்ட் போட்டு, புதுச் சுருள் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். 1900இல் பிரவுனி வந்தபோது கேமராவின் விலை ஒரே டாலருக்கு இறங்கியது. ஆறு படம் எடுக்கும் சுருள் 15 சென்ட். ஏழு சுருள் வாங்கினால் கேமராவின் விலையைத் தாண்டிவிடும், கழுவும் செலவு அதற்கு மேல். சிறுபிள்ளைக்கும் எட்டும் விலையில் கேமராவைக் கொடுத்துவிட்டு ஆயுள் முழுக்க ஃபிலிம் விற்பது என்ற இந்தக் கணக்கு அமெரிக்காவில் பலித்தது. ஃபிலிம் ஆலை உள்ளூரிலேயே இருந்தது, வாங்குபவரின் சம்பளமும் அதற்கு ஈடுகொடுத்தது. மற்ற நாடுகளில் இந்தக் கணக்கு இவ்வளவு சுலபமாக ஒத்துவரவில்லை. ஃபிலிம் செய்வது லேசான காரியமல்ல. வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்களை ஜெலட்டினில் கலந்து, ஒளி ஊடுருவும் அசிட்டேட் நாடாவின்மேல் இருட்டில் ஒரே சீராகப் பூச வேண்டும். காற்றில் தூசி ஆகாது, ஈரப்பதம் ஏறி இறங்கக் கூடாது. வெள்ளி விலையுயர்ந்த உலோகம். ஜெலட்டின் மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. அதன் தன்மை சற்று மாறினாலும் ஃபிலிம் ஒளியை வாங்கும் வேகம் மாறிவிடும். உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளே இந்தத் தொழிலில் தேறின.

சுதந்திர இந்தியா அந்த வரிசையில் சேர ஆசைப்பட்டது. 1950களின் பிற்பகுதியில் அந்நியச் செலாவணி வற்றியதும் இறக்குமதி லைசென்ஸ் கெடுபிடிகள் ஏறின. உணவு தானியத்துக்கும் இயந்திரத்துக்கும் டாலர் தேடிக்கொண்டிருந்த அரசின் கண்ணில் சாமானியர் கையிலிருக்கும் கேமரா ஆடம்பரம்தான். உள்ளூரிலேயே ஃபிலிம் செய்ய 1960இல் ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. பிரான்சின் போஷே நிறுவனம் தொழில்நுட்பம் தந்தது, நீலகிரியின் குளிரும் தூசு குறைந்த காற்றும் இடத்தைத் தேர்ந்துகொடுத்தன. 1967இல் உற்பத்தி ஆரம்பித்தது. ‘இந்து’ என்ற பெயரில் வந்த அந்த ஃபிலிமின் பேரிலேயே ஆலைப் பகுதி இந்து நகர் ஆயிற்று. ஆனால் ஆலை வந்துவிட்டதால் வீட்டுக்கு வீடு ரோல் மலிந்துவிடவில்லை. சினிமாவுக்கும் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேவுக்கும் அதே ஆலைதான் ஃபிலிம் தர வேண்டியிருந்தது. சினிமாவின் பசி எவ்வளவு என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓர் அடி நீளத்துக்குள் சாதாரண கேமராவின் எட்டுப் படங்கள் அடங்கும். பதினான்காயிரம் அடி ஓடும் ஒரு திரைப்படத்தின் ஒரே ஒரு பிரிண்டுக்குச் செலவாகும் ஃபிலிமில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் படங்கள் எடுக்கலாம். முப்பத்தாறு படம் கொண்ட ரோல்களாகச் சொன்னால் மூவாயிரத்துக்கும் மேல். ஒரு படம் ஊரெல்லாம் ஒரே நாளில் வெளியாக எத்தனை பிரிண்ட் போட்டார்கள் என்று யோசித்தால், வெள்ளி எங்கே போயிற்று என்பது விளங்கும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலச் சென்னையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இன்று தேடிப்போவது அதே சினிமாவைத்தான். 1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் மெரினா சாலையும் ஆழியாறும் ஈஸ்ட்மன் கலரில் இருக்கின்றன. நாயகனும் நாயகியும் காரில் போகும்போது பின்னால் ஓடும் கடற்கரை, கட்டடங்கள், எதிரே வரும் வண்டிகள் என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் ரசிகர் கூட்டமே இருக்கிறது. இயக்குநர் ஸ்ரீதருக்கு மெரினாவை ஆவணப்படுத்தும் நோக்கம் எதுவும் இருந்திருக்காது. காதல் காட்சிக்காகத் தயாரிப்பாளர் ஃபிலிமுக்குக் காசு கொடுத்தார், தெரு அந்தச் செலவில் ஓசியில் ஏறிக்கொண்டது. அதே ஆண்டில் அதே சாலையோரம் குடியிருந்த குடும்பங்களிடம் அந்தத் தெருவின் படம் ஒன்றாவது இருக்குமா என்பது சந்தேகமே.

அவர்கள் கையில் இருந்திருக்கக்கூடிய கருவியைச் சற்றுக் கிட்டத்தில் பார்ப்போம். பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் III நடுத்தர வீடுகளுக்கு எட்டிய கேமரா. 120 ரோல் போட்டால் பன்னிரண்டு சதுரப் படங்கள், பதின்மூன்றாவது கிடையாது. பின்பக்கம் ஒரு சிவப்புக் கண்ணாடிச் சன்னல் இருக்கும். குமிழைத் திருகத் திருக, ஃபிலிமோடு சுற்றிய காகிதத்தின் முதுகில் அச்சிட்ட எண்கள் அந்தச் சன்னல் வழியே ஒவ்வொன்றாக நகர்ந்து வரும். எண் நடுவில் வந்ததும் நிறுத்த வேண்டும். ஒரு படம் எடுத்தபின் திருக மறந்து மறுபடி அமுக்கினால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து இரண்டும் பாழ். இப்படித் தங்கை தலைமேல் கோயில் கோபுரம் முளைத்த படங்கள் அநேகம் வீடுகளில் உண்டு. பன்னிரண்டு என்ற எண்ணை வைத்து வீட்டில் எப்படிக் கணக்குப் போட்டிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. தீபாவளிக்கு நான்கு, பொங்கலுக்கு நான்கு, ஊரிலிருந்து பெரியப்பா குடும்பம் வந்தால் இரண்டு, மீதி இரண்டு அவசரத்துக்கு. குழாயடி இந்தப் பங்கீட்டில் எங்கே நுழையும்?

அடுப்படிக்கு இன்னொரு தடையும் இருந்தது. எளிய கேமராவின் லென்ஸ் வாய் சிறியது, ஷட்டர் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு வினாடி திறந்து மூடும், அன்றைய சாதாரண ஃபிலிம் இன்றைய அளவில் மந்தமானது. இந்த மூன்றும் சேர்ந்தால் வெயிலிலோ வெளிச்சமான நிழலிலோதான் படம் விழும். வெட்ட வெளி வெயிலோடு ஒப்பிட்டால் ஒற்றைச் சன்னல் வைத்த சமையலறையின் வெளிச்சம் நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு. அங்கே அமுக்கினால் கிடைப்பது கறுப்புச் சதுரம்தான். ஃபிளாஷ் பல்பு வாங்கலாம், ஆனால் அது ஒருமுறை எரிந்தால் குப்பை, ஃபிலிமோடு அதன் விலையும் ஏறும். எனவே பெண்கள் படத்தில் வர வேண்டுமானால் வேலையை விட்டுவிட்டு, முகம் கழுவி, முற்றத்துக்கோ மொட்டைமாடிக்கோ வந்து சூரியனைப் பார்த்து நிற்க வேண்டியிருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் அத்தனை அத்தைகளும் வெட்கத்தால் சுருக்கவில்லை. ஒரு தலைமுறைப் பெண்களின் உழைப்பு படத்தில் இல்லாமல் போனதை வெறும் ஆணாதிக்கப் பார்வை என்று முடித்துவிடுகிறவர்கள் இந்த ஒளிக்கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பார்வைக்கும் அதில் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பார்க்க விரும்பிய மகனுக்கும் அந்தக் கருவி அடுப்படியைக் காட்டியிருக்காது.

நிலக்காட்சி தமிழ் போட்டோவுக்குள் வேறொரு வாசல் வழியாக முன்பே வந்துவிட்டது, துணியில் வரைந்த ஓவியமாக. ஸ்டூடியோக்களில் பின்னால் தொங்கிய திரைச்சீலையில் ஏரி இருக்கும், ஏரியில் அன்னம் இருக்கும், படிக்கட்டு, தூண், தூரத்தில் மலை, சில ஊர்களில் நிலவுகூட. வயல்காட்டிலிருந்து மாட்டுவண்டி கட்டி டவுனுக்கு வந்த குடும்பம் தூரிகை தீட்டிய தோட்டத்துக்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு வயல்காட்டுக்கே திரும்பிப் போயிற்று. இதைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஸ்டூடியோக்காரரின் இடத்திலிருந்து பார்த்தால் நியாயம் புரியும். திரைச்சீலைக்கு முன் ஒளி அவர் கையில் இருந்தது, ஒரே ஷாட்டில் படம் நிச்சயம். வெளியே போனால் மேகம் வரும், காற்றடிக்கும், குழந்தை ஓடும், இரண்டு மூன்று எடுக்க வேண்டிவரும். வாங்கிய காசுக்குள் படம் முடிய வேண்டும் என்ற நெருக்கடிதான் அந்த ஏரியை வரையவைத்தது.

இனி மறுபக்கம். அன்றாடத்தை ஃபிலிமில் மிகப் பெரிய அளவில் பதிவு செய்த முயற்சி எது என்று கேட்டால், 1935க்கும் 1944க்கும் இடையில் அமெரிக்க அரசு நடத்திய திட்டத்தைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். பொருளாதார வீழ்ச்சியில் நொடித்த விவசாயிகளுக்கான அரசுத் துறையில் ராய் ஸ்ட்ரைக்கர் என்ற அதிகாரி ஒரு போட்டோ பிரிவை நடத்தினார். வாக்கர் எவன்ஸ், டாரதியா லாங் போன்றவர்கள் அவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள். சாயங்காலம் வீட்டில் மக்கள் என்ன செய்கிறார்கள், ஊரில் எங்கே கூடுகிறார்கள், கடைத்தெரு எப்படி இருக்கிறது என்று எடுக்க வேண்டியவற்றைப் பட்டியல் போட்டு அனுப்பினார் ஸ்ட்ரைக்கர். சுமார் 1,75,000 கறுப்பு-வெள்ளை நெகட்டிவ்கள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. முதல் சில ஆண்டுகள் தனக்குப் பிடிக்காத நெகட்டிவ்களில் அவர் ஓட்டை போட்டுக் கெடுத்தார், போட்டோகிராபர்கள் கொதித்தார்கள். ஓட்டை போட்டதை இன்று எல்லோரும் திட்டுகிறார்கள்; திட்ட வேண்டியதுதான். ஆனாலும் ஓட்டை போட்டு ஒதுக்கும் அளவுக்கு அவரிடம் ஃபிலிம் இருந்தது என்பதுதான் என் கண்ணில் படுகிறது. நம் பக்கத்தில் இதற்குச் சற்று இணையாகச் சொல்லத் தக்கது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சேகரிப்பு. 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் ஊர் ஊராகப் போய் எடுத்தார்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். நோக்கம் சிற்பம், செலவு பிரெஞ்சு அரசுடையது. ஒரே விக்கிரகத்தைப் பல கோணத்தில் எடுக்க முடிந்தவர்களின் சட்டகத்துக்குள்தான் கோயில் வீதியும் சேர்ந்து விழ முடியும்.

1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்தவர் பிரெஞ்சு போட்டோகிராபர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன். லைக்கா கேமராவைக் கையிலேயே மறைத்து வைத்துக்கொண்டு, கணநேரத்தில் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார் என்று அவரைப் பற்றி ஒரு புராணமே உண்டு. அந்தக் கேமரா சின்னது என்பது உண்மை. ஆஸ்கர் பார்னாக் வடிவமைத்து 1925இல் சந்தைக்கு வந்த அந்தக் கருவி சினிமா ஃபிலிமைக் கொண்டு ஒரு ரோலில் முப்பத்தாறு படம் எடுக்கவைத்ததுதான் தெருப் போட்டோகிராபியின் பிறப்பு என்று வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். சின்னதாக இருந்தது உதவியது; முப்பத்தாறு என்பது அதைவிட உதவியது. அவருக்குப் பின்னால் மேக்னம் என்ற அமைப்பும், படங்களை வாங்கும் பத்திரிகைகளும் இருந்ததால் ஒரு நல்ல படத்துக்கு எத்தனை ஃப்ரேம் போயிற்று என்று அவர் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ரகுபீர் சிங்கின் கதை இன்னும் தெளிவானது. 1942இல் ஜெய்ப்பூரில் பிறந்த அவர், இந்தியத் தெருக்களையும் நிலக்காட்சிகளையும் கலரில் எடுத்தவர்களில் தலையானவர். கங்கை, கல்கத்தா, ராஜஸ்தான், கேரளம், காசி, கிராண்ட் டிரங்க் ரோடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம், 1990களில் தமிழ்நாட்டுக்கும் ஒன்று. அம்பாசிடர் கார் சன்னலையே சட்டமாக்கி எடுத்த படங்கள் 1999இல் அவர் மறைந்தபின் தொகுப்பாக வந்தன. கறுப்பு-வெள்ளை என்பது மேற்கத்திய மனச்சோர்வின் மொழி, நிறத்தை விலக்கிப் பார்ப்பது இந்தியக் கண்ணுக்கு இயல்பல்ல என்பது அவருடைய வாதம். முகலாய ஓவியத்திலிருந்தும் ராஜபுத்திர ஓவியத்திலிருந்தும் சான்று காட்டி அழகாகவே வாதாடினார். அந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அவர் நம்பியிருந்த கலர் ஸ்லைடு ஃபிலிம், முக்கியமாகக் கோடாக்ரோம், வெளிநாட்டுச் சரக்கு. ஸ்டூடியோ இருட்டறையில் கழுவ முடியாத அளவுக்குச் சிக்கலான ரசாயனம் அது. நேஷனல் ஜியாகிரஃபிக் போன்ற பத்திரிகைகளின் வேலையும், பாரிஸ், லண்டன், நியூயார்க் வாசமும் அவருக்கு அந்த வழியைத் திறந்துவிட்டன. அதே ஆண்டுகளில் சென்னையிலோ மைசூரிலோ கறுப்பு-வெள்ளையில் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எந்த மேற்கத்திய மனச்சோர்வுக்கும் ஆட்பட்டு அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. கடையில் இருந்தது அதுதான். சமயத்தில் அதுவும் இருக்காது, கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ வரும்வரை காத்திருப்பார்கள், இல்லையென்றால் சினிமா யூனிட்டில் மிஞ்சிய துண்டுகளை வாங்கி இருட்டில் காட்ரிட்ஜில் சுற்றிக்கொள்வார்கள். சிங்கின் படங்களின் மேன்மையை இது குறைக்காது. அவற்றை இந்தியப் பார்வை என்று பொதுவாக்கும்போது மட்டும், சுங்கச்சாவடியைத் தாண்ட முடிந்த இந்தியப் பார்வை என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் ஃபிலிம் பிரியர்கள் ஓர் ஆட்சேபம் எழுப்புவார்கள். தட்டுப்பாடுதானே ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தது? பன்னிரண்டே ஷாட் என்பதால்தானே பார்த்துப் பார்த்து எடுத்தார்கள்? இதற்கு வலுவான சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறார். அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், தமிழில் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ கட்டுரைகளால் அறியப்பட்டவர், முதுமலை யானைகளைக் கறுப்பு-வெள்ளையில் மட்டுமே எடுத்தார். கடையில் கிடைத்த கேமரா போதாமல் வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைப் பொருத்தித் தானே ஒன்றைக் கட்டிக்கொண்டு, அதற்கு சூப்பர் பாண்டரோசா என்று கேலியாகப் பெயரும் வைத்தார். யானையின் தோல் மடிப்பும் மரப்பட்டையும் ஒரே ஒளியில் கிடக்கும் அந்தப் படங்களுக்குப் பொறுமையும் சிக்கனமும் பின்னால் இருந்தன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கிருஷ்ணனை வைத்துப் பொதுவிதி எழுத முடியாது. ஒரு யானைக் கூட்டத்துக்காக நாள் முழுக்கக் காத்திருக்கத் தெரிந்த ஒருவருக்குத் தட்டுப்பாடு பொருந்தியது. அன்றாடத் தெரு அப்படிக் காத்திருந்து வாங்கும் விஷயமல்ல. அது முக்கால்வாசி வீணாகும். பத்து எடுத்தால் ஒன்றில் மனிதர்களும் நிழலும் சரியாக வந்து அமையும். உலகம் கொண்டாடும் தெருப் போட்டோகிராபர்கள் யாரும் கஞ்சத்தனமாக எடுத்தவர்களல்ல. நியூயார்க்கின் கேரி வினோகிராண்ட் 1984இல் இறந்தபோது கழுவாமலே கிடந்த ரோல்கள் மட்டும் சுமார் 2,500.

இன்னும் கூர்மையான ஆட்சேபம் விவியன் மேயரைக் காட்டி வரலாம். சிகாகோவில் பணக்கார வீடுகளில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை யாருக்கும் காட்டாமல் சேர்த்து வைத்தார், 2007இல் ஏலத்தில் எடுத்தவர்கள் பெட்டியைத் திறந்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. அவரும் நெடுங்காலம் பன்னிரண்டு படம் விழும் 120 ரோலைத்தான் ரோலிஃப்ளெக்ஸ் கேமராவில் போட்டு எடுத்தார். ஆயாவின் சம்பளத்தில் முடிந்தது நம் குமாஸ்தாக்களுக்கு ஏன் முடியவில்லை? பதில் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. நூற்றுக்கணக்கான ரோல்கள் கழுவப்படாமல் கிடந்தன. ஃபிலிம் வாங்குவதோடு செலவு முடிவதில்லை. கழுவ ஒரு காசு, பிரிண்ட் போட ஒவ்வொன்றுக்கும் ஒரு காசு. அமெரிக்கச் சம்பளமும் உள்ளூர் ஆலையின் ஃபிலிமும் அவரை ஷட்டரை அமுக்கும் வரை கொண்டுபோயின, அதற்கு மேல் பல ரோல்களை நகர்த்தவில்லை. இங்கே அந்த முதல் படிக்கே வழியில்லை.

ரசனை வாதக்காரர்களிடம் இதைவிட நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. ஃபிலிம் மலிவாக இருந்த அமெரிக்காவிலும் குடும்ப ஆல்பங்களில் பிறந்தநாள் கேக்கும் கடற்கரை விடுமுறையும்தானே நிறைந்திருக்கின்றன? அப்படியானால் விலை காரணமல்ல, மனித வழக்கம்தான் காரணம் என்று ஆகாதா? பாதி ஒப்புக்கொள்கிறேன். விலை குறைந்த உடனே மனிதர்கள் குழாயடிக்கு ஓடிவிட மாட்டார்கள். கோடக் விளம்பரங்களே எது படமாகத் தகுந்தது என்று பல தலைமுறைகளுக்குச் சொல்லிக்கொடுத்தன. ஆனால் ஃப்ரேம் உண்மையிலேயே இலவசமான ஒரு தருணம் ஃபிலிம் காலத்தில் இருந்தது, அந்தத் தருணத்தில் மக்கள் எதை எடுத்தார்கள் என்று பார்த்தால் விடை வேறு மாதிரி இருக்கிறது.

அந்தத் தருணம் ரோலின் கடைசி. பாதி எடுத்த ரோலைக் கழுவக் கொடுக்க முடியாது. கல்யாணம் முடிந்துவிட்டது, படங்களைப் பார்க்க வீடே துடிக்கிறது, கேமராவிலோ இன்னும் இரண்டு மூன்று பாக்கி. முப்பத்தாறு ரோலில் சாமர்த்தியமாக மாட்டியிருந்தால் முப்பத்தேழோ முப்பத்தெட்டோகூட வரும். அந்த ஃப்ரேம்களுக்கான காசு ஏற்கெனவே கொடுத்தாயிற்று, எதை எடுத்தாலும் நஷ்டமில்லை. அப்போதுதான் மாமா பால்கனிக்கு வந்து தெருவை எடுத்தார். மொட்டைமாடியில் காயும் துணிகளை எடுத்தார். வாசலில் படுத்திருந்த நாயை, புதிதாக வாங்கிய சைக்கிளை, என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை, சன்னலுக்கு வெளியே தெரிந்த தென்னை மரத்தை எடுத்தார். வேலைக்காரம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தி ஒன்று எடுத்தார். ரோலின் தொடக்கத்திலும் இதே கதைதான். ஃபிலிம் சரியாக நகர்கிறதா என்று பார்க்க அமுக்கும் முதல் ஷாட்டில் பாதி வெளிறிப்போன ஒரு வாசற்படி விழுந்திருக்கும். பழைய நெகட்டிவ் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் இதைத் திரும்பத் திரும்பக் கண்டிருப்பார்கள். ரசனை இல்லாதவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள், செலவு இல்லை என்ற உடனே கேமராவைத் திருப்பிய திசை வீட்டு வாசலும் தெருவும்தான்.

ஆனால் இந்தப் படங்கள் ஆல்பத்துக்குப் போகவில்லை. நெகட்டிவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஸ்டூடியோக்காரர் “இதையும் போடணுமா சார்?” என்று கேட்பார், வேண்டாம் என்று தலையாட்டுவார்கள். பிரிண்ட் ஒவ்வொன்றுக்கும் காசு. 1980களில் ஹாட் ஷாட் மாதிரி எளிய 35 மில்லிமீட்டர் கேமராக்கள் பரவி, அந்தப் பத்தாண்டின் இறுதியிலிருந்து நகரங்களில் கலர் லேப்கள் வந்து, முழு ரோலையும் இயந்திரம் தானாக பிரிண்ட் போடத் தொடங்கியபோதுதான் நிலைமை சற்று மாறியது. முப்பத்தாறும் ஒரே கவரில் வந்து சேர்ந்தன, நல்லதும் கெட்டதுமாக. அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் ஆல்பங்களில் பேருந்து நிலையமும் ஊட்டிப் பாதையில் கார் சன்னல் வழியே எடுத்த மங்கலான மலையும் தலைகாட்டுவது தற்செயலல்ல. ஊட்டி ஆலையோ அதே பத்தாண்டுகளில் சரியத் தொடங்கியது. அதன் பேர் நின்றது கறுப்பு-வெள்ளையிலும் எக்ஸ்ரேயிலும்தான், நாடு கலருக்கு மாறிவிட்டது. 1991க்குப் பின் இறக்குமதிக் கதவு திறந்தது. 1990களின் நடுவில் நலிந்த நிறுவனம் என்ற அறிவிப்பு வந்தது. ஃபிலிம் மலிவாக வேண்டும் என்று தொடங்கிய ஆலை, ஃபிலிம் மலிவான காலத்தில் நிற்க முடியாமல் போனது பொருளாதார வரலாற்றில் ஒன்றும் புதுமையல்ல.

இன்று மறுபடியும் ஃபிலிம் கேமராவை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வரும் இளைஞர்களைப் பற்றிப் புகாரொன்றும் இல்லை. ரோல், கழுவும் கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் ஒரு ஷாட்டுக்குச் சில பத்து ரூபாய் ஆகிறது, அதைத் தெரிந்தேதான் டீக்கடையையும் பேருந்து நிறுத்தத்தையும் எடுக்கிறார்கள். பழைய குடும்பங்களுக்கு வாய்க்காத வசதி இது, அவர்கள் பையில் அன்றாடத்துக்குச் செலவில்லாத கைப்பேசி வேறு இருக்கிறது. மெதுவாக எடுக்கக் கற்றுத்தருகிறது ஃபிலிம் என்று அவர்கள் சொல்லும்போது மட்டும், அந்த மெதுவை விரும்பாமலே சுமந்தவர்களும் இருந்தார்கள் என்று நினைவூட்டத் தோன்றுகிறது.

என் கவலை பழைய நெகட்டிவ்களைப் பற்றியது. அசிட்டேட் ஃபிலிம் நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் சிதையத் தொடங்கினால் புளித்த காடி வாடை வரும், நாடா சுருங்கும், மேற்பூச்சு உரியும். அதன் பின் ஒன்றும் செய்வதற்கில்லை. பழைய ஃபிலிமை வெள்ளிக்காக எடைக்குப் போட்டுவிட்ட ஸ்டூடியோக்கள் உண்டு. தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சேர்க்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தினர் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்திருக்கிறார்கள், அது பெரிய காரியம். வீடுகளில் நடப்பது வேறு. ஆல்பத்தை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு நெகட்டிவ் கவரைக் குப்பையில் போடுகிறார்கள். நெகட்டிவையே ஸ்கேன் செய்யக் கொடுப்பவர்களும், கூலி ஃப்ரேம் கணக்கில் என்பதால், ஆள் இல்லாத படங்களை விட்டுவிடச் சொல்கிறார்கள். ஓரத்தில் 36ஏ என்றும் 37 என்றும் எண் போட்டிருக்கும் அந்தத் துண்டுகளையும் சேர்த்து ஸ்கேன் செய்தால் ஒரு ரோலுக்குக் கூடுதலாக ஆவது இரண்டு மூன்று ஃப்ரேமின் கூலிதான், பல தெருக்களுக்கு அதைவிட்டால் வேறு படம் கிடையாது.